கடைசி டைவுக்குப் பிறகு குமுளி மலை ஏறலாமா?

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு 41 வயது, மனைவிக்கு 38. பிப்ரவரியில் ஆறு நாள் பயணமாக மாலத்தீவு சென்று ஸ்கூபா டைவிங் செய்ய விரும்புகிறோம். நவம்பரில் கேரளத்துக் கோவளத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஞாயிறு மாலையே காரில் கிளம்பிக் குமுளி வழியாக ஊர் வந்து, திங்கள் காலை கடையைத் திறந்துவிடலாம் என்பது திட்டம். சிறுவயதில் எனக்கு இளைப்பு (ஆஸ்துமா) இருந்தது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு வரவில்லை. கிணற்றில் நன்றாக நீந்துவேன். என்னென்ன ஏற்பாடுகள் செய்ய வேண்டும்?"

உங்கள் திட்டத்தில் முதலில் திருத்த வேண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமை இரவைத்தான். கடலுக்கடியில் முதுகிலுள்ள உருளையின் காற்றை மிகுந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது பல மணி நேரம் எடுத்துக்கொண்டு நுரையீரல் வழியாக மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குச் சென்றால், கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் நுரை பொங்குவதுபோல, கரைந்த வாயு உடலுக்குள் குமிழிகளாகி மூட்டு வலி முதல் கைகால் செயலிழப்பு வரை கொண்டுபோய் விடலாம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு விமானப் பயணத்துக்கு வகுத்துள்ள வழிகாட்டுதலின்படி, ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமும், ஒரே நாளில் பல டைவ்களோ பல நாள் தொடர்ந்த டைவ்களோ என்றால் 18 மணி நேரமும் குறைந்தது காத்திருக்க வேண்டும். சுமார் 610 மீட்டர் உயரத்துக்கு நிகரான காற்றழுத்தத்திலிருந்தே இந்தக் காத்திருப்பு பொருந்தும். நீங்கள் வரும் மலைப்பாதையிலுள்ள குட்டிக்கானம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்திலும், குமுளி அதைவிடச் சற்றுத் தாழ்வாகவும் இருக்கின்றன. விமானம் ஏறாமலே நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள்.

ஆகவே, கடைசி டைவை ஞாயிறு காலையிலேயே முடித்துக்கொண்டு அன்றிரவு கோவளத்தில் தங்கி, திங்கள் காலை கிளம்புங்கள். கடை ஒரு நாள் மூடிக் கிடப்பதால் ஏலக்காயின் மணம் குறைந்துவிடாது. எப்படியும் அன்றே கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால், ஆரல்வாய்மொழி, திருநெல்வேலி, மதுரை, தேனி என்று தாழ்ந்த நிலத்து வழியாகவே வாருங்கள். தொலைவு அதிகம், ஆனால் மலை ஏற்றம் இல்லை. களைத்த உடலோடு அவ்வளவு தூரம் இரவில் கார் ஓட்டுவதை நான் விரும்பமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதே கணக்குதான் மாலத்தீவிலும். விமானம் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு என்றால் வெள்ளி இரவு எட்டு மணிக்குள் டைவ் முடிந்திருந்தால் போதும் என்று கணக்கு சொல்லும். நானோ வெள்ளி நண்பகலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். ஆறு நாளில் வந்து சேரும் நாளையும் கிளம்பும் நாளையும் வெள்ளிப் பிற்பகலையும் கழித்தால் உங்களுக்குக் கிடைப்பது மூன்றரை நாள்தான் என்பதை மனத்தில் வைத்து முன்பதிவு செய்யுங்கள்.

கிணற்று நீச்சல் பெரிய பலம்தான். ஆனாலும் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் பயிற்சிக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கிணற்றில் வளர்ந்தவர்கள் ஆழத்துக்கு அஞ்சமாட்டார்கள், ஆனால் நேராக நீண்ட தூரம் நீந்தியிருக்கமாட்டார்கள். அதைவிட முக்கியமானது, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கும் பழக்கம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் இரு மடங்கு. அங்கே நிரப்பிய காற்று மேற்பரப்பை அடையும்போது இரு மடங்காக விரியும். மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு. ஸ்கூபாவில் எந்தக் கணமும் மூச்சை நிறுத்தக்கூடாது என்பதே முதல் விதி. கிணற்றில் இருபது ஆண்டுகள் பழகியதை நீச்சல் குளத்தில் இரண்டு நாளில் மறக்க வேண்டியிருப்பதால், பயிற்சியாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இளைப்பைப் பற்றி நான் சற்றுக் கண்டிப்பாகவே சொல்வேன். பயிற்சிக்கு முன் ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று அருகிலிருப்பவர் யாராவது காதோடு சொல்லக்கூடும். அப்படிச் செய்யாதீர்கள். மூச்சுக்குழாய் சுருங்கும் இயல்பு மிச்சமிருந்தால், மேலேறும்போது விரியும் காற்று வெளியேற வழியின்றி நுரையீரலில் சிக்கிக்கொள்ளும். கோவளத்துக்குப் போகுமுன், செப்டம்பரிலோ அக்டோபரிலோ, ஒரு நுரையீரல் நிபுணரைப் பார்த்து, டைவிங் செய்யப்போவதை வெளிப்படையாகச் சொல்லி ஊதும் மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்து, அவர் சம்மதித்தால் கையொப்பம் பெறுங்கள். சம்மதிக்காவிட்டால் மனைவி டைவ் செய்யட்டும். நீங்கள் குழாய் வழியே மூச்சுவிட்டபடி மேற்பரப்பில் மிதந்து பார்க்கும் ஸ்நார்கெல் செய்யலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

நவம்பரில் கோவளம் என்பது பொருத்தமான முடிவு. ஜூன், ஜூலையில் அந்தக் கடல் கொந்தளிக்கும். பயிற்சிக்குரிய நான்கு கடல் டைவ்களையும் அங்கேயே முடித்துச் சான்றிதழோடு செல்லுங்கள். கோவளத்து நீர் மாலத்தீவைப்போல் தெளிந்திருக்காது. கலங்கிய நீரில் கற்றவருக்குத் தெளிந்த நீர் எளிதாகவே இருக்கும். ஆனால் இந்தச் சான்றிதழின் எல்லை 18 மீட்டர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மாலத்தீவில் புகழ்பெற்ற, பவளத்திட்டுகளுக்கு இடையிலான கால்வாய் டைவ்களில் நீரோட்டம் மிகக் கடுமையாக இருப்பதால் புதியவர்களுக்கு அவை உகந்தவை அல்ல. தீவை ஒட்டிய அமைதியான பவளப்பாறைகளையே கேளுங்கள்.

சாதாரணப் பயணக் காப்பீடு டைவிங்கை விலக்கியிருக்கலாம். பத்திரத்தை எழுத்தெழுத்தாகப் படித்து, குமிழிப் பாதிப்புக்கு உயர் அழுத்த அறையில் வைத்துத் தரும் சிகிச்சைக்கும் அவசர இடமாற்றத்துக்கும் தொகை உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் டைவிங்குக்கெனத் தனிக் காப்பீடு எடுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைய டைவை விட்டுவிடுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால் அதன் வேகம் நடுவில் தணிந்து காது அடைத்துக்கொள்ளலாம்.

கருவிகளில் மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்கினால் போதும், மற்றவை வாடகைக்குக் கிடைக்கும். வார்ப்பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சும்போது அது ஒட்டி நிற்க வேண்டும். மீசை இருந்தால் சற்றுக் கசியும். கண்ணாடி அணிபவர் என்றால் பவர் லென்ஸ் பொருத்தியது வாங்குங்கள். புது மாஸ்க்கின் உட்புறத்தைச் சாதாரண வெள்ளைப் பற்பசையால் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவிவிடுங்கள்; இல்லையென்றால் முதல் டைவ் முழுவதும் கண்ணாடியில் பனி படிந்தே இருக்கும்.