பழைய மஹிந்திரா தார் வண்டியில் சாலிட் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே தண்டு) போட்டால் முன்பக்க ஸ்பிரிங் கமான் பட்டையா, காயிலா?

பட்டையே போடுங்கள். லேண்ட் க்ரூசர் 70 வரிசையே 1999-ல் முன்பக்கம் காயிலுக்கு மாறிவிட்டது, ஜிம்னிக்கும் நாலு மூலையிலும் காயில்தான் என்று யாராவது வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அதெல்லாம் கம்பெனியில் கணக்குப் போட்டுச் செய்தது. நீங்கள் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்யப்போகிறீர்கள். உங்களுடையது டார்ஷன் பார் வண்டி, முன்சக்கரங்கள் தனித்தனியாக முறுக்குக் கம்பி ஸ்பிரிங்கில் நிற்பவை; எங்கேயோ கல்லில் மாட்டி, சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட் போயிருக்கும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் வண்டியும் அதேதான். ஆனைமலை அடிவாரத்தில் தோட்டம். இட்டேரி தாண்டிப் பள்ளத்தில் இறங்கினால் முழுக்க உருண்டைக் கல். ஜீப்பின் முன் ஆக்சில் கூடு, அதாவது ஹவுசிங் ஒன்று கிடைத்ததும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். அக்கா மகன் இன்ஜினியரிங் படித்தவன். "மாமா, பட்டையெல்லாம் லாரிக்குங்க, லிங்க் வெச்சு காயில் போட்டுக்கலாமுங்க" என்றான். தன் வண்டிக்கு அப்படியே செய்தும் கொண்டான்.

நான் சங்ககிரிப் பக்கம் லாரிக்குப் பட்டை கட்டுகிற ஒருவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "முன்னாடி எவ்வளவு வெயிட்டுங்க நிக்குது?" முன் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கிற மாதிரி எடை போட்ட சீட்டைக் காட்டினேன். தடித்த பட்டை நாலைந்து போட்டால் அதே எடையைத் தாங்கும், ஆனால் கல்லு மாதிரி இருக்கும். மெல்லிசுப் பட்டையாக எண்ணிக்கையைக் கூட்டினால் வளைந்து கொடுக்கும் என்றார். தரையில் சாக்பீஸில் வளைவைப் போட்டு, ஒவ்வொரு பட்டையையும் அதன்மேல் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். இரண்டாவது பட்டையை மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றி வருகிற மாதிரி சுருட்டிக் கொடுத்தார். காட்டுக்குள் மெயின் உடைந்தாலும் ஆக்சில் கழன்று போகாது. லாரிப் பட்டை என்று சிரிப்பவர்கள் ஒருமுறை அந்தக் கையைப் பார்க்கவேண்டும்.

பட்டை எடையைத் தாங்குவதோடு ஆக்சிலையும் இடத்தில் பிடித்து நிறுத்துகிறது. காயிலால் அது முடியாது. ஆக்சில் முன்பின் நகராமல் பிடிக்க லிங்க் கம்பிகள் வேண்டும், பக்கவாட்டில் நகராமல் பிடிக்க பனார்ட் ராடு வேண்டும். பனார்டும், ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்கும் ஒரே சாய்வில், ஏறக்குறைய ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் குழியில் இறங்கும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பும். அக்கா மகன் வண்டி அதைத்தான் செய்தது. அப்புறம் பனார்ட் பிராக்கெட்டின் வெல்டிங்கும் விட்டுப்போனது. அவன் இதைப் படிப்பான், படிக்கட்டும்.

பட்டையின் ஒரு முனையைப் பிடித்து ஆடுகிற ஷாக்கிளைப் பின்பக்கம் வையுங்கள். சக்கரம் கல்லில் ஏறும்போது ஆக்சில் கொஞ்சம் பின்னால் நகரும், அடி குறையும். அதற்கேற்ப முன் ஷாஃப்டின் நீண்டு சுருங்கும் ஸ்லிப்பில் இடம் இருக்கவேண்டும். ஹவுசிங் வாங்கும்போதே அதன் குண்டு (கிரௌன் பல்சக்கரம் உள்ள உருண்டைப் பகுதி), முன் சக்கரத்துக்கு விசை பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஷாஃப்ட் வெளிவரும் பக்கமே இருக்கிறதா, கிரௌனின் பல் விகிதம் பின்னால் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்கிற கோணமான காஸ்டரை, பட்டை உட்காரும் பேடை ஆக்சிலில் வெல்டிங் வைக்கும்போதே சரிபார்த்துவிடுங்கள்.

காயிலும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வருகிற காயில்ஓவர் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். காசு பிடிக்கிற வேலை, தென்னை வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா அது? வேர் வாடல் ஒரு பக்கம், வெள்ளை ஈ ஒரு பக்கம். பார்வையிட வருகிறவர்கள் மட்டையைத் தூக்கிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். நோய் வந்த மரத்தை வெட்டச் சொல்கிறார்களே, வெட்டுகூலியை யார் கொடுப்பது? சரி, அதை விடுங்கள்.

ரோட்டில் ஓட்டுகிற வண்டி என்றால் இந்த வேலையையே யோசித்துச் செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. என் வண்டி தோட்டத்தை விட்டு வெளியே வருவதில்லை, அதை வைத்து என்னிடம் சண்டைக்கு வரவேண்டாம்.