வீட்டு மிஷினில் குயில்ட்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மேல் துணி, நடுவில் பஞ்சு ஷீட், கீழ் துணி. மூன்றையும் அடுக்கிச் சேர்த்துத் தைத்த போர்வைதான் குயில்ட். இந்த மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நகராமல் பிடித்துவைப்பதுதான் குயில்ட் வேலையில் பாதி. வந்திருக்கிற கேள்விகளைப் பார்த்தால் முக்கால்வாசி அங்கேதான் வந்து நிற்கின்றன.

கேள்வி: அக்கா, மேலே அழகாக இருக்கிறது, திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது. மிஷினில் கோளாறா?

மிஷின் மேல் தப்பே இல்லை. அடியில் இருக்கிற பற்கள் கீழ்த்துணியை இழுக்கின்றன, மேலே ஃபுட் அழுத்திக்கொண்டு மேல்துணியைத் தள்ளுகிறது, நடுவில் பஞ்சு வழுக்குகிறது. அதனால் தைக்க உட்காருவதற்கு முன்பே அடுக்குகளைக் கட்டிவிட வேண்டும். கீழ்த்துணியை நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வெட்டி, நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். சுருக்கம் போகிற அளவுக்கு இழுத்தால் போதும், அதற்கு மேல் இழுத்தால் டேப்பை எடுத்ததும் துணி தன் அளவுக்குத் திரும்பிச் சுருங்கிவிடும். அதன் மேல் பஞ்சு, அதன் மேல் மேல்துணி, ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து வெளியே தடவி, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு. ஒரு குழந்தைப் போர்வைக்கே நூறு ஊக்குக்குப் பக்கத்தில் வரும், கஞ்சம் பிடிக்க வேண்டாம். தைக்கும்போதும் நடுக்கோட்டில் ஆரம்பித்து வெளியே வாருங்கள், தையல் நீளம் 3 வைத்தால் நன்றாக இருக்கும்.

கேள்வி: அம்மா காலத்துக் கருப்பு மிதி மிஷின்தான் இருக்கிறது. மேல்துணியையும் சேர்த்து நகர்த்துகிற வாக்கிங் ஃபுட்டை அதில் மாட்ட முடியுமா?

பெரும்பாலும் முடியும், அளந்து பார்த்து வாங்குங்கள். ஃபுட்டை இறக்கிவைத்து, ஊசித்தட்டிலிருந்து ஃபுட்டைப் பிடித்திருக்கிற திருகின் நடு வரை அளவெடுங்கள். முக்கால் அங்குலத்துக்குப் பக்கம் என்றால் லோ ஷாங்க், ஓர் அங்குலமோ அதற்கு மேலோ என்றால் ஹை ஷாங்க். கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மாட்டும்போது அதன் கை, ஊசியைப் பிடிக்கிற திருகின் மேல் உட்கார வேண்டும். அப்போதுதான் ஊசி ஏறி இறங்கும்போது ஃபுட்டில் இருக்கிற பற்களும் சேர்ந்து நடக்கும். நேர்க்கோட்டுக்கு அந்த மிதி மிஷினை நான் இன்றைக்கும் விரும்பித்தான் எடுப்பேன்.

கேள்வி: துணியைக் கையாலேயே நகர்த்தித் தைக்கிற ஃப்ரீ மோஷன் முயற்சி செய்தேன். அடியில் நூல் கூடு கட்டுகிறது, தையல் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வருகிறது.

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. நூல் கூடு கட்டினால் முதலில் ஃபுட் இறங்கியிருக்கிறதா பாருங்கள். இதற்குப் போடுகிற டார்னிங் ஃபுட் துணியைத் தொட்டும் தொடாமலும் நிற்பதால் இறக்க மறந்துவிடும், இறக்காவிட்டால் மேல்நூலில் டென்ஷனே இருக்காது. அதே காரணத்தால் நூல் கோர்க்கும்போது ஃபுட்டைத் தூக்கிவைத்துக் கோருங்கள், டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் ஒழுங்காக உட்காரும். ஆரம்பத்தில் பாபின் நூலை மேலே எடுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு நாலைந்து தையல் போடுங்கள்.

தையல் அளவுக்கு வருவோம். பற்களை இறக்கிவிட்டால் துணியை நகர்த்துவது உங்கள் கைதான். கை வேகமாகவும் மிஷின் மெதுவாகவும் போனால் தையல் நீளும், மாற்றிப் போனால் பொடியாகிவிடும். மிஷினை நடுத்தர வேகத்தில் ஒரே சீராக ஓட்டி, கையை அதற்குப் பழக்குங்கள். பற்களை இறக்க முடியாத மிஷின் என்றால் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வையுங்கள், போதும். தினம் பத்து நிமிஷம் ஒரு துண்டுத் துணியில் வளைவு வளைவாக ஓட்டிப் பாருங்கள், கைக்கு வந்துவிடும். கை வழுக்கினால், பணம் எண்ணுகிறவர்கள் விரலில் போடுகிற ரப்பர் உறை அருமையாக உதவும்.

கேள்வி: நடுவில் இலவம் பஞ்சு வைக்கலாமா?

தலையணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், குயில்ட்டுக்கு வேண்டாம். அதன் இழை வழவழப்பு, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது, துவைத்தால் மூலைக்கு மூலை உருண்டுவிடும். பஞ்சு ஷீட் கிடைக்காவிட்டால் பழைய ஃபிளானல் போர்வையை வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கனமே தாராளம்.

கேள்வி: பாட்டியின் பருத்திப் புடவைகளை வெட்டித் தைக்க ஆசை. என்ன கவனிக்கணும்?

சாயம். ஒரு சிவப்புச் சுங்குடித் துண்டை அப்படியே வெள்ளையோடு சேர்த்துத் தைத்து, முதல் துவைப்பில் மொத்தமும் ரோஜா நிறமாகிப்போனதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஈர வெள்ளைத்துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள், நிறம் ஒட்டினால் தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசுங்கள். அப்புறம் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். இழை விட்டுக்கொடுக்கிற பாகத்தைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: கோடு போட எந்தப் பேனா நல்லது?

தேய்ந்துபோன வெள்ளை சோப்புத் துண்டு. தண்ணீரில் அழியும் நீலப் பேனா மேல் இஸ்திரி பட்டால் கறை நிலைத்துவிடும், சூட்டில் மறையும் பேனாக் கோடு குளிர்ந்த இடத்தில் திரும்ப வரலாம்.

கேள்வி: டபுள் காட் அளவுக்குத் தைக்கிறேன். மிஷினின் கைக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது.

வலது பக்கத்தைச் சுருட்டி உள்ளே விடுங்கள், இடதுபக்கமும் பின்னாலும் மிஷின் உயரத்துக்கு மேஜையோ ஸ்டூலோ போட்டுப் பாரத்தை அதன்மேல் ஏற்றுங்கள். போர்வை தொங்கினால் அதன் எடையே ஊசியை வளைக்கும். ஊசி 14 ஆம் நம்பர், புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். இதுவே முதல் போர்வை என்றால், மூன்று பட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக குயில்ட் செய்து கடைசியில் இணைத்துவிடுங்கள், இணைப்பின் மேல் ஒன்றரை அங்குலப் பட்டி வைத்து மூடினால் பின்பக்கமும் சுத்தமாக வரும்.