துவோர்ஷாக்கின் பியானோ இசை: பெட்டியா, ஒற்றைத் தட்டா?

கேள்வி: செக் இசையமைப்பாளர் அந்தோனின் துவோர்ஷாக்கின் சிம்பொனிகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஆனால் தனிப் பியானோவுக்கென அவர் எழுதியவற்றில், எங்கும் ஒலிக்கும் அந்த ஹ்யூமரெஸ்க் (குறும்பும் விளையாட்டுத்தனமும் கொண்ட சிறு உருப்படி) ஒன்றைத் தவிர வேறெதுவும் எனக்குப் பழக்கமில்லை. ‘முழுமையான பியானோ படைப்புகள்’ என்ற பெயரில் 4 அல்லது 5 குறுந்தகடுகள் அடங்கிய பெட்டிகளும், தனித்தனித் தட்டுகளும் விற்கப்படுகின்றன. எதை வாங்குவது நல்லது?

பதில்: பெட்டியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். துவோர்ஷாக்கின் தனிப் பியானோ படைப்புகள் ஒரே தரத்தவை அல்ல. வால்ட்ஸ், மசூர்க்கா ஆகிய நடன வகைகள், நண்பரின் குறிப்பேட்டில் எழுதித் தருவது போன்ற ‘ஆல்பம் தாள்’ முதலிய சிறு உருப்படிகள் அவற்றில் ஏராளம். இவை கேட்க இனிமையானவைதாம் என்றாலும், இந்த இசைக்குப் புதியவர் இவற்றை வரிசையாகக் கேட்கத் தொடங்கினால், இரண்டாவது தட்டு முடிவதற்குள் பெட்டி அலமாரிக்குப் போய்விடும்.

முதலில் வாங்க வேண்டியது, 1889இல் அவர் எழுதிய 85ஆம் ஓபஸ் (ஓபஸ் என்பது படைப்புக்குத் தரப்படும் வரிசை எண்), அதாவது ‘கவித்துவ ஒலிச் சித்திரங்கள்’. 13 உருப்படிகள் கொண்ட இந்தத் தொடரை முழுவதும் கேட்க ஏறத்தாழ 55 நிமிடங்கள் ஆகும். இரவுப் பயணத்தில் தொடங்கி, பழைய கோட்டை, குடியானவர் கதைப்பாட்டு, குட்டிச்சாத்தான்களின் நடனம், வீரனின் கல்லறை எனச் சென்று, பிரிபிராம் நகரின் புனித மலையில், மணியோசை போன்ற சுர அடுக்குகளுடன் அது அமைதியாக முடிகிறது. இளமையில் நாடக அரங்கின் இசைக்குழுவில் வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவியான வயோலா வாசித்துப் பிழைத்த துவோர்ஷாக்கின் பியானோ எழுத்து விரல்களுக்கு வசதியானதன்று என்ற குறை நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கேட்பவருக்கு அது குறையாகத் தோன்ற வேண்டியதில்லை. நார்வே பியானோ கலைஞர் லைஃப் ஊவெ அன்ஸ்னெஸ் இந்தத் தொடர் முழுவதையும் வாசித்து, 2022இல் சோனி வெளியிட்ட ஒற்றைத் தட்டையே நான் பரிந்துரைப்பேன். உருப்படிகளை உதிரிகளாக விடாமல், ஒரே நெடுங்கதையாக அவர் கொண்டு செல்கிறார்.

அது பிடித்திருந்தால் 1894ஆம் ஆண்டுக்குச் செல்லுங்கள். நியூயார்க்கில் எழுதிய 98ஆம் ஓபஸ் சூட்டும் (சூட் என்பது பல பகுதிகள் கொண்ட தொடர்), அதே ஆண்டின் கோடையில் வைசோகா கிராமத்தில் எழுதிய 101ஆம் ஓபஸின் 8 ஹ்யூமரெஸ்க்குகளும் அந்த ஆண்டுக்குரியவை. நீங்கள் குறிப்பிடும் ஹ்யூமரெஸ்க் அவற்றுள் 7ஆவது. அது தன் ஏழு உடன்பிறப்புகளையும் மறைத்துவிட்டது ஒரு அநியாயம்தான்.

கேள்வி: பெட்டியே வேண்டும் என்பவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம்? ஒரே பதிவு வேறு அட்டையுடன், வேறு விலையில் விற்கப்படுகிறதா?

பதில்: விற்கப்படுகிறது, ஆகவே அட்டையில் இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரைவிடக் கலைஞரின் பெயரையே முதலில் பாருங்கள். இன்னா பொரோஷினாவின் முழுத் தொகுப்பு வேறொரு நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்று, பிரில்லியன்ட் கிளாசிக்ஸில் மலிவு விலையில் வந்தது. செலவைக் கருதுபவருக்கு அது போதுமானது. செக் நிறுவனமான சூப்ராஃபோனில் ராதோஸ்லவ் குவாபில் வாசித்த பழைய பதிவுகளில் செக் நடன லயம் இயல்பாக வரும்; ஒலித்தரத்தில் அவற்றின் வயது தெரியும். அதே சூப்ராஃபோன் 2021இல் வெளியிட்ட இவோ கஹானெக்கின் 4 தட்டுகள், தெளிவான ஒலியும் செக் வாசிப்பும் ஒருசேர வேண்டும் என்பவருக்கு ஏற்றவை. சிறிது சிறிதாக வாங்க விரும்பினால், நாக்சோஸில் ஸ்டெஃபன் வெசெல்காவின் தட்டுகள் தனித்தனியாகவே உள்ளன.

வாங்குமுன் இரண்டைக் கவனியுங்கள். துவோர்ஷாக்கின் ‘ஸ்லாவிய நடனங்கள்’ முதலில் ஒரே பியானோவில் இருவர் வாசிக்க எழுதப்பட்டவை. தனிப் பியானோ பெட்டியில் அவை இல்லை என்று பிறகு கடைக்காரரிடம் குறைபட்டுக்கொள்வதில் நியாயமில்லை. மேலும், ஓபஸ் எண்ணை வைத்துக் காலவரிசையை முடிவு செய்யாதீர்கள். 8ஆம் ஓபஸான ‘நிழலுருவங்கள்’ தொடருக்கு, பதிப்பாளருடன் இருந்த ஒப்பந்தச் சிக்கலால், வேண்டுமென்றே சிறிய எண் தரப்பட்டது. அது அச்சேறியது 1880இல். துவோர்ஷாக்கின் படைப்புகளைக் காலவரிசையில் தொகுத்த பர்க்ஹவுசர் பட்டியலின் ‘பி’ எண்களைக் கொண்டு உள்ளடக்கத்தை ஒப்பிடுவதே பாதுகாப்பானது: கவித்துவச் சித்திரங்கள் 161, சூட் 184, ஹ்யூமரெஸ்க்குகள் 187. அந்தச் சூட்டையே துவோர்ஷாக் பின்னர் இசைக்குழுவுக்கு மாற்றி எழுதினார். அதன் எண் 190. இணையக் கடைகளில் இவ்விரண்டும் ‘அமெரிக்க சூட்’ என்ற ஒரே தலைப்பில் வந்து நிற்பதால், எண்ணைப் பார்க்காமல் பணம் செலுத்தினால் பியானோவுக்குப் பதில் இசைக்குழு வந்து சேரும்.

கேள்வி: குறுந்தகடா, பதிவிறக்கமா?

பதில்: ஒலியை மட்டும் கருதினால் இரண்டும் சரியே. ஆனால் 85ஆம் ஓபஸின் தலைப்புகளும் அவற்றின் விளக்கமும் கேட்பதற்கு உதவுவன. எனவே பதிவிறக்கத்துடன் விளக்கக் கையேடும் தருகிறார்களா என்று பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.