யாரை ஏற்பது, யாரை மறுப்பது: பாலியல் தொழிலாளர் கேள்விகள்

குறிப்பிட்ட ஓர் இனத்தவரை நான் வாடிக்கையாளராக ஏற்பதில்லை. அது பாகுபாடு என்கிறாள் தோழி. அப்படியானால் நான் சம்மதித்தே ஆகணுமா?

வேண்டாம். யாரையும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே மறுக்கலாம். நியூசிலாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது: ஒப்பந்தம் பேசி முடித்தாலும் அது சம்மதம் ஆகாது, பாதியிலும் நிறுத்தலாம். பணம் திரும்பத் தருவது தனி விஷயம். பெல்ஜியத்தில் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வாடிக்கையாளரை மறுத்ததற்காக முதலாளி உங்களை வேலையைவிட்டு நீக்க முடியாது.

ஆனால் தோழி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒருவரிடம் பேசிப்பார்த்து, பிடிக்காமல் மறுத்தால் அது விருப்பம். பெயரைக் கேட்டதுமே ஒரு கூட்டத்தையே ஒதுக்கினால் அது பாகுபாடுதான். அதைச் சட்டம் தட்டிக்கேட்காததற்குக் காரணம், கேட்டால் உங்கள் சம்மதத்தை நீதிமன்றம் முடிவு செய்யவேண்டி வரும். அது இன்னும் கொடுமை.

அந்த இனத்தவரில் ஒருவன் என்னை அடித்தான். பாதுகாப்புக்காகத்தான் ஒதுக்குகிறேன்.

அடி வாங்கியவரிடம் நான் வாதாட மாட்டேன். தேவைப்படும்வரை ஒதுக்குங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இனத்தை வைத்து வடிகட்டினால், வேறு இனத்து முரடன் தாராளமாக உள்ளே வந்துவிடுவான். போனிலேயே ஆணுறை வேண்டாம் என்று மல்லுக்கட்டுபவன், ஒத்துக்கொண்ட தொகையை வாசலில் வந்து குறைப்பவன், ஒருவர் என்று சொல்லிவிட்டு இருவராக வருபவன், குடித்துவிட்டு அழைப்பவன்: இவர்களைத் தள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1980களிலேயே பாலியல் தொழிலாளர்கள் மோசமான வாடிக்கையாளர்களைப் பற்றித் தங்களுக்குள் எச்சரிக்கைப் பட்டியல் சுற்றுக்கு விட்டார்கள். இன்ன வண்டியில் வந்தான், இன்னது செய்தான் என்ற தகவல்தான் அடுத்தவரைக் காப்பாற்றும்.

'இன்னார் அழைக்க வேண்டாம்' என்று விளம்பரத்தில் போடலாமா?

போடாதீர்கள். உங்களிடம் வரவே நினைக்காதவரும் அதைப் படித்துப் புண்படுவார். அழைப்பு வந்தால் 'இன்று நேரமில்லை' என்று சொல்லுங்கள். பொய்தான், பரவாயில்லை.

ஏஜென்சி நடத்துகிறேன். சக்கர நாற்காலியில் வருபவர்களைத் திருப்பி அனுப்புகிறோம். பெண்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்றுதான்.

அவர்களிடம் கேட்டீர்களா? மறுக்கும் உரிமை உடலுக்குச் சொந்தக்காரருடையது, உங்களுடையது அல்ல. விவரத்தைச் சொல்லி ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். சிலர் சரி என்பார்கள், சிலருக்குத் தூக்கி உட்காரவைக்கத் தெரியாது, அதுவும் நியாயமான காரணம். கடைக்காரராக நீங்களே வாசலில் மறித்தால், பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமாகவோ இழப்பீட்டு வழக்காகவோ முடியும்.

எச்.ஐ.வி. இருப்பதாக ஒருவர் தானாகச் சொன்னார். மறுத்தேன். தப்பா?

மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பயம் மட்டும்தான் காரணம் என்றால் கேளுங்கள்: தொடர்ந்து மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்.ஐ.வி. பரவாது. தனக்கு இருப்பதே தெரியாமல் வருபவரிடம்தான் ஆபத்து அதிகம். மற்ற பால்வினை நோய்கள் இருப்பதால், யார் வந்தாலும் ஆணுறை கட்டாயம்.