பெயர் ஒன்று, ஆள் வேறு: இங்கிலாந்து வேர்களைத் தேடுவோரின் கேள்விகள்

கேள்வி: எங்கள் மருமகனின் மூதாதையர் 1635 வாக்கில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் குடியேறியவர். அதே பெயருடைய குழந்தைக்கு 1608-இல் இங்கிலாந்தின் சஃபோக்கில் ஞானஸ்நானம் கொடுத்த பதிவு கிடைத்திருக்கிறது. இருவரும் ஒருவர்தானே?

பதில்: இப்போதே முடிவுகட்டிவிடாதீர்கள். ஜான், வில்லியம், தாமஸ் ஆகிய பெயர்கள் ஊருக்கு ஊர் நிறைந்திருந்த காலம் அது. முதலில் அதே தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள். அந்தக் குழந்தை சிறு வயதிலேயே இறந்திருந்தாலோ, வளர்ந்து 1640-க்குப் பிறகும் அவ்வூரிலேயே தன் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தாலோ, அவர் நீங்கள் தேடும் ஆள் அல்லர். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒட்டவைத்த வம்சாவளிகளை நான் ஏராளமாகப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

அடுத்து உயில்களைத் தேடுங்கள். தந்தையின் உயில் மட்டுமல்ல, பிள்ளையில்லாத பெரியப்பா, அத்தை ஆகியோரின் உயில்களும் முக்கியம். ஏனெனில் அவர்கள்தாம் உடன்பிறந்தாரின் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதுவார்கள். "இப்போது நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி மகனுக்கு" என்பது போன்ற ஒரு வரி (மாசச்சூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்கு அமெரிக்கப் பகுதிதான் நியூ இங்கிலாந்து), நூறு பெயர்ப் பொருத்தங்களைவிட வலுவான சான்று. பெரும்பாலும் வசதி படைத்தோரின் உயில்களைப் பதிந்த தேவாலய நீதிமன்றமான கேன்டர்பரி உயில் நீதிமன்றத்தில் 1858 வரை பதிவான உயில்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எளிய குடும்பங்களின் உயில்களை அந்தந்த மாவட்டக் காப்பகத்தில் கேளுங்கள்.

கேள்வி: 1630 ஏப்ரலில் ஞானஸ்நானம், 1630 பிப்ரவரியில் அடக்கம் என்று ஒரே குழந்தைக்கு எழுதியிருக்கிறதே?

பதில்: பிழையில்லை. இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752 வரை புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஆகவே அந்தப் பிப்ரவரி, நம் கணக்கில் 1631. குழந்தை பத்து மாதம் வாழ்ந்திருக்கிறது. குறிப்பெடுக்கும்போது 1630/31 என்றே எழுதுங்கள்.

கேள்வி: கப்பல் பயணியர் பட்டியலில் பெயரே இல்லை. என்ன செய்வது?

பதில்: அக்காலப் பட்டியல்களில் எஞ்சியவை சொற்பம், அமெரிக்க அரசு அவற்றை முறையாகச் சேகரிக்கத் தொடங்கியதே 1820-இல்தான். 1620-இல் குடியேறிகளை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் வந்தவர்களின் பெயர்களைக்கூட, அவர்கள் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் எழுதி வைத்ததால்தான் அறிகிறோம். வர்ஜீனியாவாக இருந்தால் நிலப் பட்டாக்களைப் பாருங்கள்: கடல் கடந்து அழைத்துவந்த ஒவ்வோர் ஆளுக்கும் 50 ஏக்கர் கிடைத்ததால், வந்தவர்களின் பெயர்கள் அவற்றில் பதிவாயின. ஆனால் பட்டாவின் ஆண்டை வந்திறங்கிய ஆண்டாகக் கொள்ளாதீர்கள். பல ஆண்டுகள் கழித்தும் நிலம் கோரியவர்கள் உண்டு.

கேள்வி: தேவாலயப் பதிவேடு அழிந்துவிட்டது என்கிறார்கள்.

பதில்: ஆண்டுதோறும் ஆயருக்கு (பிஷப்புக்கு) அனுப்பிய பிரதி தப்பியிருக்கலாம். மாவட்டக் காப்பகத்துக்கு எழுதும்போது அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.