பன்னர்கட்டாவுக்கு பஸ்ஸில் போக மெஜஸ்டிக் வரை போக வேண்டுமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: "அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் பன்னர்கட்டா உயிரியல் பூங்காவுக்குப் போய்வர நினைக்கிறேன். கார் இல்லை. மெஜஸ்டிக் போய் பஸ் மாறச் சொல்கிறார்கள், வேறு வழி உண்டா?"

உண்டு, அதுவும் நல்ல வழி. பெங்களூரின் நடுவிலுள்ள பெரிய பஸ் நிலையமான மெஜஸ்டிக்கிலிருந்து 365 பஸ் பூங்காவுக்கே போகிறது என்பது உண்மைதான், ஆனால் அது பெங்களூருக்குள் இருப்பவர்களுக்குச் சரிப்படும் யோசனை. பூங்கா இருப்பது நகரத்தின் தெற்குப் பக்கம், ஓசூர் வழியாக வரும் நாமும் தெற்கே இருந்துதான் நுழைகிறோம். அப்படியிருக்க, நடு ஊர் வரைக்கும் நெரிசலில் ஊர்ந்துபோய் மறுபடி அதே தெற்குக்குத் திரும்புவானேன்?

2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறந்தது நமக்குத்தான் பெரிய வசதி. அது பொம்மசந்திராவில் தொடங்குகிறது, அதாவது அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டியதும் ஓசூர் சாலை ஓரத்திலேயே. கிருஷ்ணகிரியில் பெங்களூரு பஸ் ஏறும்போதே "பொம்மசந்திரா மெட்ரோவில் நிறுத்துவீங்களா" என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். அங்கே மெட்ரோ ஏறி ஜெயதேவா ஆஸ்பத்திரி ஸ்டேஷனில் இறங்கினால் கீழே ஓடுவதே பன்னர்கட்டா சாலைதான், 365 அந்த வழியாகத்தான் வரும். லிஃப்ட் இருப்பதால் அம்மாவுக்குப் படியேறும் தொல்லை இல்லை. ஒருவேளை கண்டக்டர் நிறுத்த மாட்டேன் என்று சொல்லி, பஸ் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிவிட்டாலும் பதற வேண்டாம். சில்க் போர்டில் இறங்குங்கள், அங்கும் இதே மஞ்சள் வழித்தட ஸ்டேஷன் இருக்கிறது, ஜெயதேவா அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம்.

மேப்பைப் பார்த்தால் அத்திப்பள்ளியிலிருந்து ஆனேக்கல், ஜிகினி வழியாக இன்னும் கிட்டே தெரியும். தெரியத்தான் செய்யும். ஆனேக்கல் பக்கம் பழக்கம் இருப்பவர்களுக்கு அது நல்ல குறுக்குவழி, அங்கிருந்து வரும் 366 பஸ்ஸில் பன்னர்கட்டா ஊரில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். வயசான அம்மாவோடும் பிள்ளைகளோடும் முதல்முறை போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன், ஒரு பஸ் தவறினாலும் காத்திருப்பிலேயே காலை போய்விடும்.

அப்புறம், செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, அன்றைக்குப் போய் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஞாயிறும் வேண்டாம், சஃபாரி வரிசை நீளம். பூங்கா காலை ஒன்பதரைக்குத் திறக்கும். சிங்கம், புலி, கரடி பார்க்கும் சஃபாரிக்கு ஆன்லைனில் முதலிலேயே டிக்கெட் எடுத்துவிட்டு, போனதும் அதை முடித்துக்கொள்ளுங்கள், பட்டாம்பூச்சிப் பூங்காவெல்லாம் பிறகு மெதுவாகப் பார்க்கலாம். சஃபாரியைக் கடைசிக்குத் தள்ளினால் நேரம் கழிந்து கவுன்டர் மூடியிருக்கும்.

திரும்பும்போது மதியம் மூன்றரைக்குள் 365 ஏறிவிடுவது நல்லது. சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்தில் பன்னர்கட்டா சாலை எப்படி நகரும் என்பதை அந்தப் பக்கம் குடியிருக்கும் உங்கள் சொந்தக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

டிக்கெட் விஷயத்தில் ஒன்று. காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு மகளிர் இலவச டவுன் பஸ் கிடைத்தால் அம்மா காசில்லாமல் வரலாம், அதன்பிறகு பெங்களூரு வரை போகும் பஸ்ஸில் அது செல்லாது. கர்நாடகத்திலும் பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்தச் சக்தி திட்டம் கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டும். கிருஷ்ணகிரி முகவரி உள்ள ஆதாரைக் காட்டினால் 365-இல் கண்டக்டர் டிக்கெட்டைத்தான் கிழிப்பார், அதற்குச் சில்லறை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.