ஜப்பானியப் பாரம்பரிய உடையான கிமோனோவில் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும்? அதன் இடுப்புப் பட்டையான ஓபியை எப்படிக் கட்டுவது?

இடப்பக்கம்தான் மேலே. உங்கள் வலப்பக்கத் துணியை முதலில் உடலோடு ஒட்டிப் பிடித்து, அதன்மேல் இடப்பக்கத்தைக் கொண்டுவாருங்கள். ஆண், பெண் இருவருக்கும் இதே முறைதான். கி.பி. 719-இலேயே ஜப்பானிய அரசவை இதை ஆணையாக்கியது. மாற்றி உடுத்துவது இறந்தவர்களுக்கு மட்டும். அதனால் இதில் மட்டும் தவறவே கூடாது.

பெண்களுக்கான கிமோனோ பொதுவாகத் தேவைக்கு மேல் நீளமாகவே இருக்கும். கீழ்விளிம்பைக் கணுக்காலளவில் நிறுத்தி, இடுப்பில் நாடா கட்டி, மிச்சத்தை அதன்மேல் மடிப்பாக விடுவார்கள். இந்த மடிப்புக்கு ஒஹஷோரி என்று பெயர். என்னைக் கேட்டால், மொத்த அழகும் இந்த முதல் நாடாவில்தான் இருக்கிறது. இது தளர்ந்தால், மேலே ஓபியை எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் நடக்க நடக்க எல்லாம் சரிந்துவிடும். பின்கழுத்தில் காலர் ஒரு கைமுட்டி நுழையும் அளவு விலகி நிற்கட்டும்.

விசேஷங்களுக்கான ஓபி சுமார் 30 செ.மீ. அகலம், 4 மீட்டருக்கு மேல் நீளம். இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி, முதுகில் சிறு திண்டு வைத்து, அதன்மேல் துணியைப் போட்டுப் பெட்டிபோல மடித்தால் 'தைக்கோ' கட்டு. அந்த மடிப்பைத் தாங்குவது ஓபிஜிமே என்ற பின்னல் கயிறு. முன்பக்கம் இறுக்கி முடியுங்கள்.

முதல்முறை என்றால் பருத்தியாலான எளிய கோடைக்கால கிமோனோவான யுகாதாவும் அரை அகல ஓபியும் வாங்கிப் பழகுங்கள். அதற்குத் திண்டே வேண்டாம். முன்னால் முடிந்து, பிறகு வலப்பக்கமாகப் பின்னுக்குத் திருப்பிக்கொள்ளலாம்.